கம்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை

கடந்த ஆண்டு நடுப்பருவத் தேர்வு முடிந்த மறுநாள், ஒரு சனிக்கிழமை மாலை. ஸ்கூடாயில் ஒரு கோயில் மண்டபத்தில் எங்கள் சிலம்ப வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆசான் வர நேரமாகும் என்பதால், உதவிப் பயிற்றுநரான நான்தான் சின்னவர்களைப் பார்த்துக்கொண்டேன். தலைக்கு வரும் அடியை எப்படித் தடுப்பது என்பது அன்றைய பாடம். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனை எதிரே நிறுத்தி, நான் அடிக்க அவன் தடுக்க வேண்டும். தடுக்கத் தவறினாலும் பயமில்லை. என் கம்பு அவன் தலைக்கு நான்கு விரல் அகலத்துக்கு முன்பே நின்றுவிடும். எங்கள் வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் கற்றோம்.

மூன்றாவது முறை கம்பு நிற்கவில்லை.

புருவத்துக்கு மேலே பிளந்து, கிளினிக்கில் இரண்டு தையல். கண்ணுக்கும் அந்த இடத்துக்கும் ஒரு விரல் அகலம்தான் இடைவெளி. பையனின் அம்மா வந்தார். திட்டுவார் என்று நினைத்து நின்றேன். "பரவால்லம்மா, கம்பு விளையாட்டுன்னா இதெல்லாம் சகஜம்தானே" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஏனென்றால் அது சகஜமான அடி இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. சாப்பாடு என்றால் மேகி மீ, இனிப்பு ஐஸ் கோப்பி. உடற்பயிற்சியை விட்டே ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. வகுப்புக்கு வருகிறேனே, அதுவே பயிற்சிதானே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் பிளாஸ்டர் ஒட்டிய நெற்றியோடு வந்தான். கம்பை எடுத்துக்கொண்டு என் எதிரே நின்றவன், மெல்லக் கேட்டான்: "அக்கா, இன்னிக்கு மெதுவா போடுவீங்களா?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. தற்காப்புக் கலை சொல்லிக்கொடுப்பவர் உடலைத் தகுதியாக வைத்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். தெரிந்ததுதான். ஆனால் ஏன் என்று கேட்டால் பெரும்பாலோர் "பார்க்க நன்றாக இருக்க வேண்டும், தொப்பையோடு மாஸ்டர் இருந்தால் யார் மதிப்பார்கள்" என்பார்கள். எனக்கு அந்தக் காரணம் பெரிதாகப் படவில்லை. தொப்பை உள்ள நல்ல ஆசான்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டுமஸ்தான உடம்போடு கம்பைக் கண்டபடி வீசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் பொறியியல் மாணவி. அதனால் அன்று இரவு தூக்கம் வராமல் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை மீட்டர் கம்பை நடுவில் பிடித்து விநாடிக்கு மூன்று சுற்றுச் சுற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பின் நுனி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4.7 மீட்டர் போகிறது. மூன்று சுற்றுக்கு 14 மீட்டர். அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். நம் தாமான் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் வேகம்! பயிற்சியில் அதில் பாதி வேகத்தில்தான் வீசுகிறோம் என்றாலும் விநாடிக்கு 7 மீட்டர். கண்ணால் பார்த்து மூளை உத்தரவிட்டு கை அசைய மனிதருக்கு ஐந்தில் ஒரு பங்கு விநாடியாவது ஆகும். அதற்குள் அந்த நுனி ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். ஆகவே, பையன் தடுக்கவில்லை என்று பார்த்த பிறகு கம்பை நிறுத்த முடியாது. வீசும்போதே நிறுத்தத்தையும் சேர்த்துத்தான் வீசுகிறோம். முன்கை, தோள், இடுப்பு, பின்னங்கால் எல்லாம் சேர்ந்து அந்த நிறுத்தத்தைச் செய்கின்றன. களைத்த தசை நூறில் ஒரு பங்கு விநாடி தாமதித்தால் போதும், தோராயமாக 7 சென்டிமீட்டர் தவறிவிடும். நான்கு விரல் அகலம் எவ்வளவு என்று அளவுகோலை வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே 7 சென்டிமீட்டர்.

என் கணக்கு முரட்டுக் கணக்குதான், விரிவுரையாளர் பார்த்தால் சிரிப்பார். ஆனாலும் ஒன்று புரிந்தது. கம்பை வீசுவதற்கு வேண்டியதைவிட நிறுத்துவதற்குத்தான் உடல் தகுதி அதிகம் வேண்டும். கராத்தே, தேக்குவாண்டோ, சீலாட் எதை எடுத்தாலும் இதே கதைதான். மாணவன் முழு வேகத்தில் அடிக்கலாம், தவறலாம், பதறலாம். அவன் கற்றுக்கொள்பவன். அவனுடைய தவற்றையும் சேர்த்துத் தாங்கிக்கொள்ள வேண்டியவர் எதிரே நிற்பவர். கடைசி மாணவனோடு நிற்கும்போதும் முதல் மாணவனோடு நின்ற அதே கட்டுப்பாடு அவர் கையில் இருக்க வேண்டும். இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஆளுக்குப் பத்து அடி என்றால் இருநூறு அடி. நான் மூன்றாவது அடியிலேயே தவறிவிட்டேன்.

இரண்டாவது காரணத்தை ஆசான்தான் எனக்குச் சொன்னார், அதுவும் தன்னையே கேலி செய்துகொண்டு. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பல ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு இடது முழங்கால் தேய்ந்து, சுவடு வைக்கும்போது சரியாக மடங்காமல் போனது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வலியைத் தவிர்க்க இடது காலைச் சற்றே இழுத்து வைத்துச் சமாளித்தார். ஒரு முறை பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப்போனபோது, வேறு ஊர் நடுவர் ஒருவர் கேட்டாராம்: "ஏன் மாஸ்டர், உங்க பிள்ளைங்க எல்லாரும் இடது காலை இழுத்து இழுத்து வைக்கிறாங்க? இது உங்க பாணியா?"

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், யாருக்கும் முழங்காலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அத்தனை பேரும் ஆசானின் வலியை அப்படியே பாடமாகக் கற்றுவிட்டார்கள்! வாய் "காலை நல்லா மடக்கு" என்று சொல்லியிருக்கிறது. கண் பார்த்ததோ வேறு. பிள்ளைகள் கண்ணைத்தான் நம்புகிறார்கள். நாம் பாலர்பள்ளியில் எழுதக் கற்றதையும் நடனம் கற்றதையும் நினைத்துப் பாருங்கள், சொல்லிக் கற்றதைவிடப் பார்த்துக் கற்றதுதானே அதிகம்? சிலம்பத்தில் ஏட்டுப்பாடம் மிகக் குறைவு. சொல்லிக்கொடுப்பவரின் உடம்புதான் பாடநூல். அந்த நூலில் அச்சுப்பிழை இருந்தால் எல்லா மாணவர்களிடமும் அதே பிழை வரும்.

அன்றிலிருந்து ஆசான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். தாழ்ந்து வைக்கும் சுவடுகளை மூத்த மாணவர் ஒருவரைச் செய்துகாட்டச் சொல்வார். "என் கால பாக்காதீங்க, இவன் கால பாருங்க" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவார். வகுப்புக்கு முன் தனியாக அரை மணி நேரம் முழங்காலைச் சுற்றியுள்ள தசைகளுக்குப் பயிற்சி செய்வார். நான் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாளும் விட்டதில்லை.

ஆகவே, உடல் தகுதி என்று நான் சொல்வது இருபது வயதுக்காரரின் துள்ளலை அல்ல. வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற தகுதி. இதற்கு மிகச் சிறந்த சான்று கேரளாவில் வடகரையில் இருக்கிறார். மீனாட்சி அம்மா. ஏழு வயதில் களரிப்பயிற்று கற்கத் தொடங்கியவர். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தம்மைவிடப் பல பத்தாண்டுகள் இளைய ஆண்களோடு வாள் வீசும் அவருடைய காணொளியை உங்களில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். 2017ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியபோது அவருக்கு எழுபது வயதைத் தாண்டி ஆண்டுகள் பல ஆகியிருந்தன. 2022இல் அதே விருதைப் பெற்ற மற்றொரு களரி ஆசான், சாவக்காட்டைச் சேர்ந்த சங்கரநாராயண மேனன். அப்போது அவருக்கு 93 வயது.

இவர்கள் ஏதோ பிறவி அதிசயம் என்று நான் முன்பு நினைத்ததுண்டு. களரியின் பாடமுறையைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. களரியில் ஆயுதம் உடனே கைக்கு வராது. முதலில் மெய்த்தாரி, அதாவது உடலைத் தயார்ப்படுத்தும் பயிற்சி. பிறகுதான் கோல்தாரி என்னும் மரக்கருவிகள். அதற்கும் பிறகுதான் வாளும் கேடயமும் வரும் அங்கத்தாரி. மெய்த்தாரி முதல் வகுப்புப் பாடம் என்றாலும் அதில் தேர்ச்சி பெற்றுவிட்டு மறந்துவிடுவதில்லை, ஆசானான பிறகும் தினமும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நம் சிலம்பத்திலும் மெய்ப்பாடம் உண்டு. நாம்தான் அதைப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம்.

"அப்படியானால் உடல் ஒத்துழைக்காதவர் சொல்லிக்கொடுக்கவே கூடாதா?" என்று என் அறைத்தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. கெய்கோ ஃபுகுடா என்ற ஜூடோ ஆசிரியை இருந்தார். ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவிடமே நேரில் பயின்றவர். 2011இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாவது டான் தகுதியை வழங்கியது. 2013இல் 99 வயதில் இறந்தார். அந்த வயதில் அவர் யாரையும் தூக்கி எறியவில்லை, ஆனால் பயிற்சிக்கூடத்துக்கு வருவதை நிறுத்தவும் இல்லை. எறிந்து காட்ட அவருடைய மாணவிகள் இருந்தார்கள், பிழை கண்டுபிடிக்க அவருடைய கண் இருந்தது. முதுமையோ நோயோ உடற்குறையோ உள்ளவர் ஆசானாக இருப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. முடியாததை முடியாது என்று சொல்லி, அதற்கு மாற்று வழி செய்துகொள்பவரிடம் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள். இருபது வயதில், ஒரு குறையும் இல்லாமல், சோம்பலால் தகுதி இழந்துவிட்டு, பழைய நினைப்பில் கம்பை எடுத்தவரிடம்தான் ஆபத்து. அது நான்தான்.

இங்கே ஜொகூரில் வாழ்பவர்களுக்கு மட்டும் புரியும் ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் வட்டாரத்தில் சிலம்பமோ கராத்தேவோ சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்களில் முழுநேரமாக அதையே தொழிலாகக் கொண்டவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். பலர் சிங்கப்பூரில். எங்கள் ஆசான் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்கெல்லாம் பாலத்தில் மோட்டார் சைக்கிள் வரிசையில் நிற்பார். மழை பெய்தால் மழைச்சட்டையோடு. நாள் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றபடி வேலை. மாலையில் அதே வரிசை, அதே புகை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வகுப்புக்கு வருவதற்குள் இரவு எட்டரை ஆகிவிடும். வகுப்பு முடிந்து பத்தரைக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே தாரிக். நள்ளிரவில் தூக்கம், மறுபடி நான்கு மணி.

இப்படிப்பட்டவரைப் பார்த்து "மாஸ்டர், நீங்கள் உடலைக் கவனிக்க வேண்டும்" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? மாதக் கட்டணத்தைக்கூடச் சில பெற்றோர் இரண்டு மூன்று மாதம் தள்ளித்தான் கொடுக்கிறார்கள். அவரும் கேட்பதில்லை. பயிற்றுநர் உடல் தகுதியோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், அதற்கான நேரத்தையும் காசையும் அவருக்குக் கொடுக்கிறோமா என்பதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். மண்டபத்தைத் திறப்பது, பாய் விரிப்பது, வருகை எழுதுவது, சின்னவர்களுக்கு உடலைச் சூடேற்றும் பயிற்சி கொடுப்பது ஆகியவற்றை மூத்த மாணவர்களும் பெற்றோரும் எடுத்துக்கொண்டால் ஆசானுக்கு அரை மணி நேரம் மிச்சமாகும். எங்கள் வகுப்பில் இப்போது அப்படிச் செய்கிறோம்.

இது வெறும் கம்பு விஷயம் மட்டுமல்ல. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். 2019ஆம் ஆண்டு ஆய்வில், நம் இந்தியச் சமூகத்தில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு ஏறக்குறைய நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது. எங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் வீட்டில் யாராவது ஒருவர் இனிப்புநீருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அந்தப் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் வியர்வை சிந்தும் பெரியவர் ஒருவரைப் பார்க்கிறார்கள் என்றால், சிலருக்கு அது எங்கள் மண்டபத்தில் மட்டும்தான்.

"வகுப்பு எடுப்பதே உடற்பயிற்சிதானே" என்ற என் பழைய ஏமாற்றுக்கு வருகிறேன். ஒரு நாள் கைப்பேசியை இடுப்பில் கட்டிக்கொண்டு வகுப்பு எடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் 1,900 அடிதான் நடந்திருந்தேன்! மீதி நேரமெல்லாம் நின்றுகொண்டு "கையைத் தூக்கு, இடுப்பைத் திருப்பு" என்று கத்தியிருக்கிறேன். தொண்டைக்குத்தான் நல்ல பயிற்சி. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி. நின்றுகொண்டு கத்துவது அந்தக் கணக்கில் வராது.

நம் நாட்டில் பயிற்றுநர்களுக்கென்று தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம் இருக்கிறது. அதில் விளையாட்டு அறிவியலும் ஒரு பாடம். உடலைச் சூடேற்றுவது, காயம் தவிர்ப்பது, ஓய்வு கொடுப்பது எல்லாம் அங்கே கற்கலாம். என்னைப்போல் உதவிப் பயிற்றுநராக இருக்கும் பல்கலைக்கழக நண்பர்கள் முதல் நிலையையாவது முடிப்பது நல்லது. ஆனால் சான்றிதழ் சுவரில் மாட்டிய பிறகு உடம்பை யார் பார்ப்பது? நான் தேடிப்போன விடை நம் பள்ளியிலேயே இருந்தது.

செகாக் சோதனையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நான்காம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரை ஆண்டுக்கு இரண்டு முறை நம்மை வாட்டியெடுத்த அதே சோதனை. மூன்று நிமிடம் பங்கில் ஏறி இறங்கி நாடித்துடிப்பை எண்ணுவது, ஒரு நிமிடத் தண்டால், வயிற்றுப் பயிற்சி, கால் நீட்டி உட்கார்ந்து முன்னே எட்டுவது. ஐந்தாம் படிவம் முடிந்ததும் "அப்பாடா, இனி இது இல்லை" என்று நானும் மகிழ்ந்தேன். பிள்ளைகளுக்குச் சோதனை உண்டு, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இல்லை என்பதில் ஏதோ இடித்தது. ஆசானிடம் கேட்டேன். "சரி, வை. எனக்கும் சேர்த்தே வை. ஆனா பங்கு ஏறுறதுல என்னைய விட்டுடு, முட்டி போயிடும். நான் நடக்கிறேன்" என்றார்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்கள் மண்டபத்தில் சோதனை நாள். பயிற்றுநர்களின் எண்ணிக்கையும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஒரே தாளில் எழுதி ஒட்டப்படும். நான் வாரத்தில் மூன்று காலை விடுதியைச் சுற்றி ஓடுகிறேன், இரண்டு நாள் தண்டாலும் பாரம் தூக்குவதும். தேர்வு வாரத்தில் தூக்கம் கெட்டிருந்தால் அன்று சோடி நின்று அடிக்க மாட்டேன். பிள்ளைகளிடம் காரணத்தையும் சொல்லிவிடுவேன். முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. ஆசான் மண்டபத்தைச் சுற்றி வேக நடை நடக்கிறார். சின்னவர்கள் கைதட்டிக்கொண்டே பின்னால் ஓடுகிறார்கள்.

போன சனிக்கிழமை சோதனையில் என் தண்டாலை எண்ணும் பொறுப்பு அந்தப் பையனுக்குக் கிடைத்தது. புருவத்தின் மேல் சின்னதாக ஒரு கோடு இருக்கிறது, கிட்டே போனால்தான் தெரியும். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் மார்பு சரியாக இறங்குகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தான். இரண்டை "இது சரியா இல்ல" என்று கழித்துவிட்டான். நிமிடம் முடிந்ததும் தாளில் எழுதிக்கொண்டே சொன்னான்: "பதினாறு, அக்கா. நான் இருபத்திரண்டு."